குருவிக்கு யாருடைய பெயர்? வரைந்தவர் பெயர் எங்கே?



வரலாறு பிடித்தவர்களுக்கும், எந்நேரமும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எதையாவது வரைந்துகொண்டிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

நம்முடைய முற்றங்களில் செவ்வரத்தைப் பூவுக்குத் தேன்சிட்டு வரும். அவற்றில் ஒரு வகைக்குச் சொண்டு மிக நீளம், நன்றாக வளைந்திருக்கும். ஆண் குருவி தூரத்தில் பார்த்தால் கறுப்பு. வெயில் பட்டால் ஊதாவும் பச்சையுமாக மினுங்கும். பறவை நூல்களில் இதற்கு 'லோட்டன் தேன்சிட்டு' என்று பெயர். 1766இல் லின்னேயஸ் வைத்த லத்தீன் பெயரிலும் லோட்டன் இருக்கிறார்.

யார் இந்த லோட்டன்? ஜோன் கிடியோன் லோட்டன், 1752 முதல் 1757 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கம்பனியின் ஆளுநர். பறவை, விலங்கு, செடிகொடிகளில் ஆர்வமுள்ளவர். அவற்றை நீர்வர்ணத்தில் வரைவித்துச் சேர்த்தவர். ஆனால் பிரஷைப் பிடித்தது அவருடைய கை அல்ல. அவருக்காக வரைந்தவர் கொழும்பில் பிறந்த பீட்டர் கொர்னேலிஸ் டி பெவேரே. ஒல்லாந்தமும் உள்நாடும் கலந்த வழியில் வந்தவர்.

லோட்டன் பெயரில் குருவி இருக்கிறது. டி பெவேரேயின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இது ஒரு மனிதருடைய கதை மட்டுமல்ல. இறகுக்கு இறகு, நரம்புக்கு நரம்பு பார்த்து இயற்கையை வரைந்த நம் பகுதி ஓவியர்கள் பலருக்கும் நடந்தது. ஆனால் ஆரம்பத்தில் இப்படி இருக்கவில்லை. அதை விளங்கிக்கொள்ள, லோட்டனுக்குச் சுமார் 140 வருடம் முந்திய முகலாய அரசவைக்கு முதலில் போக வேண்டும்.

■ பெயர் தெரிந்த அரசர்

ஜஹாங்கீர் 1605 முதல் 1627 வரை ஆண்டவர். அவருடைய மதுப்பழக்கத்தையும் நூர்ஜஹானையும் பற்றி நாம் நிறையப் பேசுவோம். அவர் இயற்கையைக் கூர்ந்து பார்த்து எழுதிய மனிதர் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. பறவை எத்தனை நாள் அடைகாத்தது, மிருகத்தின் எடை எவ்வளவு என்றெல்லாம் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர்.

1612இல் முகர்ரப் கான் என்ற அதிகாரி கோவாவிலிருந்து சில விசித்திரப் பிராணிகளைக் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று வான்கோழி. அமெரிக்காவைச் சேர்ந்த பறவை; போர்த்துக்கேயர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஜஹாங்கீர் அதை விவரித்து எழுதிவிட்டு ஒரு விஷயம் சொல்கிறார். தன் முப்பாட்டன் பாபர் பிராணிகளைப் பற்றி எழுதினார், ஆனால் வரையச் சொல்லவில்லை. நானோ எழுதியதோடு வரையவும் ஆணையிட்டேன், கேட்பவருக்கு வரும் வியப்பு பார்க்கும்போது இன்னும் கூடும் என்கிறார். எழுத்தால் மட்டும் ஒரு பறவையைக் கடத்திவிட முடியாது என்பது அந்த அரசருக்கு விளங்கியிருந்தது.

அந்த வான்கோழியை வரைந்தவர் உஸ்தாத் மன்சூர். படம் இன்று லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது. கழுத்தில் தொங்கும் சதையின் சுருக்கங்கள், சிவப்பு மெல்ல நீலமாக மாறும் இடம், இறகின் ஓரங்கள் எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும்.

1621இல் ஒரு வரிக்குதிரை வந்தது. அதன் கோடுகளைப் பார்த்தவர்கள் யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். நன்றாகச் சோதித்த பிறகுதான் படைத்தவன் போட்ட கோடுகள் என்று நம்பினார்கள். அதையும் மன்சூர் வரைந்தார். கோடு எங்கே தடிக்கிறது, கால் மூட்டில் எப்படி வளைகிறது, முகத்தில் எப்படி நெருங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்.

கொல்கத்தா இந்தியன் மியூசியத்தில் அவருடைய சைபீரியக் கொக்கு இருக்கிறது. ஐரோப்பிய விஞ்ஞானிகள் அந்தப் பறவையை முறைப்படி விவரித்துப் பெயர் வைத்தது 1773இல். மன்சூர் அதற்குச் சுமார் 150 வருடம் முந்திவிட்டார். ரஷ்யாவின் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் ஒரு டோடோ படமும் இருக்கிறது. மன்சூர் வரைந்ததாகவே கருதப்படுகிறது. டோடோ அந்த நூற்றாண்டிலேயே உலகத்தை விட்டுப் போய்விட்டது. உயிரோடு இருந்த டோடோவின் நிறம் என்ன என்று கேட்பவர்கள் இன்றும் தேடிப் போகும் மிகச் சில படங்களில் அதுவும் ஒன்று.

இனி முக்கியமான விஷயம். ஜஹாங்கீர் மன்சூரைப் பெயர் சொல்லி எழுதுகிறார். 'நாதிருல் அஸ்ர்', அதாவது காலத்தின் அரிய மனிதர் என்று பட்டம் கொடுக்கிறார். 1620இல் கஷ்மீரில் மன்சூர் வரைந்த பூக்கள் நூறுக்கு மேல் என்று குறித்து வைக்கிறார். ஒரே படத்தில் ஒவ்வொரு முகத்தையும் வெவ்வேறு ஓவியர் வரைந்திருந்தாலும், எந்த முகம் யாருடைய வேலை என்று தன்னால் சொல்ல முடியும் என்றும் பெருமையாக எழுதுகிறார். கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனாலும் ஓர் ஓவியரின் கையை அடையாளம் காண்பதைப் பெருமையாக நினைத்த அரசர் அவர்.

இந்த இடத்தில் சிலருக்கு ஒரு கேள்வி வரும். உயிருள்ளவற்றை வரைவது பற்றிய மார்க்கச் சட்டம் என்ன? அது உலமாக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நான் நடந்த வரலாற்றைச் சொல்கிறேன், தீர்ப்புச் சொல்லவில்லை. ஓவியமே தொழிலாக இருந்த ஒருவருக்கு இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும்படி வழிகாட்டிய செய்தி புகாரியில் இருப்பது பலருக்கும் தெரியும். அக்பரின் கருத்தொன்றை அபுல் ஃபஸ்ல் பதிந்திருக்கிறார்: ஓவியன் ஒவ்வோர் அங்கமாக வரைந்து முடித்த பின்பும் தன்னால் உயிர் கொடுக்க முடியவில்லை என்பதை உணர்கிறான், அதனால் உயிர் கொடுத்தவனை நினைக்கிறான். அந்தக் காலத்து முஸ்லிம்களும் இந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

■ எப்படி வரைந்தார்கள்?

முகலாய ஓவியரின் வர்ணமும் தண்ணீரில் கரைப்பதுதான். அரைத்த கல், மண், செடிச்சாயம் போன்றவற்றைப் பிசினோடு குழைப்பார்கள். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கனமாக்கி, அகேட் போன்ற வழுவழுப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். மிக நுண்ணிய வேலைக்கான பிரஷ் அணிலின் வால் மயிரில் செய்யப்பட்டு, பறவை இறகின் தண்டில் செருகப்பட்டிருக்கும். வர்ணத்தை மெல்லிய படைகளாகப் பூசி, இடையிடையே தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கமாகத் தேய்ப்பார்கள். அதனால்தான் அந்தப் படங்கள் எனாமல் பூசியதுபோல் மினுங்குகின்றன.

அந்த வர்ணம் தடிப்பானது. அடியில் உள்ளதை மறைக்கும். இருட்டான நிறத்தின் மேல் வெள்ளை மயிர்க்கோடு போடலாம். ஆங்கிலேயரிடையே வளர்ந்த நீர்வர்ணம் வேறு மாதிரி. தண்ணீர் அதிகம், வர்ணம் குறைவு. தாளின் வெள்ளை ஊடாகத் தெரியும். வெளிச்சம் வேண்டிய இடத்தில் ஒன்றும் பூசாமல் விட்டுவிட வேண்டும். பாடசாலையில் பிள்ளைகள் பழகுவது இந்த இரண்டாவது முறை. வெளிறிய நிறத்தில் தொடங்கிக் கடும் நிறத்துக்குப் போக வேண்டும். கடும் நிறத்தைப் பூசிவிட்டுத் திரும்பி வெளிறிய நிறத்துக்கு வருவது மிகக் கஷ்டம்.

ஏன் எண்ணெய் வர்ணத்தில் வரையவில்லை என்று கேட்கலாம். பறித்த பூ சில மணித்தியாலங்களில் வாடிவிடும். எண்ணெய் வர்ணம் காய நாட்கள் எடுக்கும். நீர்வர்ணம் நிமிடங்களில் காயும். தாள் பாரமில்லை, கட்டிக் கப்பலில் அனுப்பலாம், புத்தகமாகத் தைக்கலாம்.

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. அழுத்திக் காயவைத்த செடியில் வடிவம் இருக்கும், நிறம் போய்விடும். தோலுரித்துப் பஞ்சடைத்த பறவையில் இறகின் நிறம் ஓரளவு நிற்கும்; ஆனால் கண்ணின் நிறமும், காலின் நிறமும், முகத்தில் இறகில்லாத தோலின் நிறமும் செத்த பிறகு மாறிவிடும். கம்பளிப்புழுவைக் காயவைத்தால் கறுத்துச் சுருங்கிவிடும். புகைப்படம் இல்லாத காலத்தில் இவற்றையெல்லாம் காப்பாற்ற ஒரே வழி, உயிரோடு இருக்கும்போதே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நிறத்தைக் குழைத்துத் தாளில் வைப்பதுதான். ஆகவே இந்தப் படங்கள் அழகுக்கு மட்டும் வரைந்தவை அல்ல. விஞ்ஞானத்துக்கு அவை சாட்சிகள்.

■ பட்னாவிலிருந்து கல்கத்தாவுக்கு

முகலாய அரசு தளர்ந்தபோது ஓவியர்களின் சாப்பாடும் தளர்ந்தது. டில்லியை விட்டு முர்ஷிதாபாத் நவாபிடமும், அங்கிருந்து பட்னாவுக்கும் பல குடும்பங்கள் நகர்ந்தன. 1757இல் பிளாசிச் சண்டை. லோட்டன் இலங்கையை விட்டுப் போனதும் அதே வருடம்தான். அதன் பிறகு வங்காளத்தில் காசு இருந்த இடம் ஆங்கிலக் கம்பனி. ஓவியர்களும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று.

1774இல் கல்கத்தாவில் உச்ச நீதிமன்றம் அமைந்தது. அதன் முதல் பிரதம நீதியரசர் எலைஜா இம்பே. 1775இல் மகாராஜா நந்தகுமாருக்குத் தூக்குத் தண்டனை விதித்தவர் என்று வரலாற்றுப் பாடத்தில் இவரைப் படித்திருப்பீர்கள். அந்தத் தீர்ப்பு பிற்காலத்தில் பிரித்தானியப் பாராளுமன்றம் வரை போய் அவருக்குப் பெரிய தலையிடியாக வந்தது. அவருடைய மனைவி மேரி இம்பேயின் கவனம் வேறு பக்கம். வீட்டுத் தோட்டத்தில் பறவைகளையும் விலங்குகளையும் சேர்த்து வளர்த்தார். 1777 அளவிலிருந்து அவற்றை வரைய மூன்று ஓவியர்களை வேலைக்கு வைத்தார்: ஷைக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ்.

ஒரு முஸ்லிமும் இரண்டு ஹிந்துக்களும் ஓர் ஆங்கிலேயர் வீட்டில் ஒரே வேலையில். 1783இல் இம்பே குடும்பம் கல்கத்தாவை விட்டுப் போவதற்குள் முடிந்த படங்கள் 300க்கு மேல். பாதிக்கு மேல் பறவைகள். முடிந்த வரைக்கும் பறவையை அதன் உண்மையான அளவிலேயே வரைய வேண்டும் என்பது அந்த வீட்டின் முறை.

மூவரில் மூத்த கை ஜைனுத்தீனுடையது என்று அந்தப் படங்களைப் பார்த்தால் தெரியும். முகலாயப் பயிற்சியில் வளர்ந்தவருக்குக் கொடுக்கப்பட்டதோ இங்கிலாந்திலிருந்து வந்த வட்மன் தாள். பெரிய, மழமழப்பான, வெள்ளைத் தாள். அரசவைப் படங்களில் ஓரத்துக்குப் பொன் வேலை இருக்கும், பின்னால் மலையும் வானமும் இருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை, நடுவில் ஒரு கிளை, கிளையில் ஒரு பறவை.

பிழை விட்டால் ஒளிக்க இடமில்லாத வேலை இது. ஜைனுத்தீன் என்ன செய்தார் என்றால், ஆங்கிலேயரின் மெல்லிய நீர்வர்ணப் பூச்சையும் முகலாயரின் மயிர்க்கோட்டையும் சேர்த்தார். மெல்லிய பூச்சில் உடம்பின் உருட்சி வந்தது. அதன் மேல் அணில் மயிர்ப் பிரஷின் நுனியால் இறகின் ஒவ்வொரு இழையும் வந்தது.

அவர் 1777இல் வரைந்த ஒரு படத்தில் அன்னமுன்னாக் கிளையில் மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக் காக்கட்டூ உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைத் தாளில் வெள்ளைப் பறவை! சித்திரம் கீறத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு படத்தில் பலா மரத்தின் அடிக்குற்றியில் கருந்தலை மாங்குயில், பக்கத்தில் ஒரு பூச்சி. பலாவைத் தினமும் பார்க்கும் நமக்கு அந்தப் பட்டையின் சொரசொரப்பு கைக்குத் தட்டுப்படுவது போல இருக்கும்.

இந்த வரிசையில் வந்த பழந்தின்னி வௌவால் படமொன்று நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. பவானி தாஸ் அல்லது அவருடைய கையைப் பின்பற்றிய ஒருவர் வரைந்தது. ஒரு சிறகை விரித்து, மற்றதை மடித்து வைத்திருக்கும். விரித்த சிறகில் எலும்பும் தோலும் எப்படி இணைகின்றன என்று தெரியும். மடித்த சிறகில் அது எப்படிச் சுருங்குகிறது என்று தெரியும். கண்ணால் கண்டதை அப்படியே இறக்குவதோடு இந்த வேலை முடிவதில்லை. பார்ப்பவருக்கு எது தெரிய வேண்டும் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். உண்மை போல வரைவதற்கு, கைக்கு முன் புத்தி வேலை செய்ய வேண்டும்.

■ படங்கள் கப்பலேறின, பெயர்கள்?

இந்தப் படங்கள் இங்கிலாந்துக்குப் போயின. ஜோன் லேதம் என்ற பறவையியலாளர் தன் நூல்களுக்காக இம்பேயின் சேகரிப்பைப் பார்த்தார். 1790இல் இமயமலையின் மிக அழகான வண்ணக்கோழிக்கு லேடி இம்பேயை நினைவுபடுத்தும் லத்தீன் பெயரை வைத்தார். இன்றைக்கும் அந்தப் பெயர்தான். நேபாளத்தின் தேசியப் பறவை அதுவே.

பவானி தாஸ் ஒரு வாத்தை வரைந்தார். உடம்பு கபில நிறம், தலையும் கழுத்தும் ரோஜா நிறம். அந்த இளஞ்சிவப்புத் தலை வாத்துக்கும் லேதம் 1790இல்தான் பெயர் வைத்தார். பல பத்தாண்டுகளாகக் காட்டில் அதை உறுதியாகக் கண்ட பதிவு இல்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் நம்புகிறார்கள். உயிரோடு இருந்த அந்தப் பறவையின் ரோஜா நிறத்தைப் பவானி தாஸ் குழைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜைனுத்தீனும் அவருடைய தோழர்களும் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலிகள். படத்தின் கீழே அவர்களுடைய பெயர் பாரசீக எழுத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் லேடி இம்பேயின் சேகரிப்பு என்றும், வரைந்தவர் பட்னாவைச் சேர்ந்த ஜைனுத்தீன் என்றும் குறிப்பு இருக்கிறது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இன்று நமக்கு அவரைத் தெரியவே வந்திருக்காது. எப்போது பிறந்தார், எங்கே அடங்கினார் என்பதற்கு ஒரு பதிவும் நம் கைக்கு வரவில்லை. மிஞ்சியது பெயரும் ஊரும் மட்டும்.

அந்தப் படங்கள் 1810இல் லண்டனில் ஏலம் போயின. ஒன்றாக இருந்த தொகுதி உலகம் முழுக்கச் சிதறியது. நீண்ட காலமாக இவற்றுக்கு 'இம்பே அல்பம்' என்றும் 'கம்பனி ஓவியம்' என்றும்தான் பெயர். ஒன்று வாங்கியவரின் பெயர், மற்றது கம்பனியின் பெயர். 2019 டிசம்பரில் லண்டன் வொலஸ் கலெக்ஷனில் இந்த ஓவியர்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடந்தது. அதற்கு வைத்த தலைப்பின் பொருள் 'மறக்கப்பட்ட ஆசான்கள்'. மறந்தவர்கள் யார் என்றும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆங்கிலேயரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம்முடைய பாடப் புத்தகங்களில் மன்சூரையும் ஜைனுத்தீனையும் எத்தனை வரியில் படித்தோம்?

■ திரும்ப நம் நாட்டுக்கு

இப்போது டி பெவேரேயிடம் திரும்புவோம். இம்பே வீட்டில் வேலை தொடங்குவதற்கு இருபது வருடத்துக்கு மேல் முன்னமே கொழும்பில் அவர் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். லோட்டன் தன் சேகரிப்போடு இங்கிலாந்து போனார். படங்களை அங்கிருந்த அறிஞர்களுக்குக் கொடுத்துப் பார்க்க விட்டார். 1776இல் பீட்டர் பிரௌன் என்பவர் வெளியிட்ட விலங்கியல் படநூலில் இந்தப் படங்களைப் பார்த்துச் செய்த தகடுகள் பல. செப்புத் தகட்டில் கீறி அச்சடித்து, பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வர்ணம் பூசினார்கள். கொழும்பில் உயிரோடு பார்த்தவர் ஒருவர். லண்டனில் பார்த்துக் கீறியவர் இன்னொருவர். நூலின் முகப்பில் இருப்பது இரண்டாமவரின் பெயர். அசல் படங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில், 'லோட்டன் சேகரிப்பு' என்ற பெயரில்.

ஆனால் இலங்கையின் கதை முழுக்கத் துக்கமானது அல்ல. பேராதனைப் பூங்கா 1821இல் தொடங்கியது. அங்கே சித்திரக்காரராக 38 வருடம் வேலை செய்தவர் ஹர்மானிஸ் டி அல்விஸ் செனவிரத்ன. செடியை முழுதாக வரைவார். அதோடு பூவைப் பிரித்து, காயை வெட்டி, கேசரமும் விதையும் தனித்தனியாகப் பெருப்பித்துக் காட்டுவார். தாவரவியல் படித்தவர்களுக்கு ஓர் இனத்தை இன்னோர் இனத்திலிருந்து பிரிப்பது அந்தச் சின்னச் சின்ன உறுப்புகள்தான் என்று தெரியும்.

அவருக்குப் பிறகு பிள்ளைகள் வந்தார்கள். வில்லியம், ஜோர்ஜ் சகோதரர்கள் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும், அவற்றின் புழுவையும் கூட்டுப்புழுவையும் வரைந்தார்கள். 1880க்கும் 1887க்கும் இடையில் பிரெடரிக் மூர் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இலங்கை வண்ணத்துப்பூச்சி நூல் அந்தப் படங்களில்தான் நிற்கிறது. ஹென்றி ட்ரைமன் 1893இல் தொடங்கிய இலங்கைத் தாவர நூலின் 100 வர்ணத் தகடுகளும் இந்தக் குடும்பத்தார் பேராதனையில் வரைந்து வைத்தவற்றிலிருந்து எடுத்தவை.

இவர்களுக்குப் பெயர் கிடைத்தது. இலையே இல்லாமல் வேரால் மரத்தைப் பற்றிக்கொண்டு வாழும் ஒரு சின்னஞ்சிறு ஓர்கிட் செடியின் லத்தீன் பெயரில் அல்விஸ் இருக்கிறார். இலங்கையிலிருந்து 1873இல் விவரிக்கப்பட்ட சளிப்பூஞ்சை ஒன்றின் பேரினப் பெயர் 'அல்விஸியா'. எளிதில் கண்ணில் படாத அளவு சின்னவைதான். ஆனாலும் ஆளுநருக்கும் நீதியரசரின் மனைவிக்கும் கிடைத்த இடம் பிரஷ் பிடித்த ஒரு குடும்பத்துக்கும் கிடைத்தது. கூட வேலை செய்த தாவரவியலாளர்கள் அவர்களைப் பெயர் சொல்லி மதித்தது அதற்குக் காரணம். ஜஹாங்கீர் மன்சூருக்குச் செய்ததும் அதுதான்.

■ நம் பிள்ளைகளுக்கு

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. சித்திரப் பாடத்தை 'சும்மா பாஸாகும் பாடம்' என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடையே அதிகம். பிள்ளை வரைந்தால் நேரம் வீணாகிறது என்று ஏசுகிறோம். ஒரு நூற்றாண்டின் விஞ்ஞானம் இப்படி வரைந்தவர்களின் கையில் நின்றது என்பதை அந்தப் பெற்றோர் அறிய வேண்டும்.

வீட்டிலேயே செய்துபார்க்கச் சில விஷயங்கள்:

ஒரு வெற்றிலையோ மாவிலையோ பறித்து வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். வரைய முன் ஐந்து நிமிடம் சும்மா பார்க்கச் சொல்லுங்கள். நடு நரம்பு நேராகப் போகிறதா, வளைகிறதா? பக்க நரம்புகள் எதிரெதிராக வருகின்றனவா, மாறி மாறி வருகின்றனவா? பூச்சி கடித்த ஓட்டை இருந்தால் அதையும் வரையட்டும். மன்சூராக இருந்தாலும் அதை விட்டிருக்க மாட்டார்.

பெட்டியில் உள்ள பச்சையை அப்படியே பூச விடாதீர்கள். நீலத்தையும் மஞ்சளையும் கலந்து, ஒரு துளி சிவப்புச் சேர்த்தால் இலையின் பச்சை வரும். முற்றிய இலைக்கு நீலம் கூட, தளிருக்கு மஞ்சள் கூட. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அதே பச்சையில் சிவப்பைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

முதல் பூச்சு மிக மெல்லியதாக இருக்கட்டும். மினுங்கும் இடத்தில் தாளை வெள்ளையாகவே விடட்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் ஊறிக் கலங்கிவிடும். நரம்புகள் கடைசியில், கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷின் நுனியால்.

முடிந்த பிறகு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. படத்தின் கீழே பிள்ளை தன் முழுப் பெயரையும், ஊரையும், திகதியையும், அந்த இலை எந்த மரத்தில் பறித்தது என்பதையும் எழுதட்டும். படம் நன்றாக வந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். ஜைனுத்தீனைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவும் இப்படி ஒரு வரியில்தான் மிஞ்சியது. ஆசிரியர்களும் அந்த வரிக்கு ஓர் இடம் விட்டுத் தாளைக் கொடுங்கள்.

உங்கள் ஊரில் இப்படி இயற்கையைப் பார்த்து வரைந்த பழைய ஓவியர்கள், சித்திர ஆசிரியர்கள் யாராவது இருந்திருந்தால், அவர்கள் வரைந்தவற்றைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பின்பக்கத்தில் அவர்களுடைய பெயரை எழுதி வையுங்கள்.